சரக்குப் பெட்டிக்குள் ஒரு வீடு

அமெரிக்கப் பள்ளி ஆசிரியை கெர்ட்ரூட் சாண்ட்லர் வார்னர் 1924-இல் எழுதி, 1942-இல் எளிய சொற்களில் சுருக்கி வெளியிட்ட சிறுவர் நாவல் ‘தி பாக்ஸ்கார் சில்ட்ரன்’. பெற்றோரை இழந்த ஹென்றி, ஜெஸ்ஸி, வயலட், பென்னி நால்வரும், முகம் பார்த்திராத தாத்தாவுக்குப் பயந்து ஓடி, காட்டில் கைவிடப்பட்ட ரயில் பெட்டியில் மழைக்கு ஒதுங்கி, அங்கேயே குடியேறுகிறார்கள்.

பெற்றோரின் சாவைப் பற்றி நாவல் அதிகம் பேசுவதில்லை. முதல் வாசிப்பில் அது எனக்குக் குறையாகப் பட்டது. மறுமுறை படித்தபோதுதான் துயரம் முழுவதும் வேலையாக மாறியிருப்பது தெரிந்தது. குப்பைமேட்டில் பொறுக்கிய பாத்திரங்களைக் கழுவி அடுக்குகிறார்கள். பாலை ஓடை நீரில் வைத்துக் குளிர்விக்கிறார்கள். ஹென்றி மருத்துவர் வீட்டில் கூலி வேலைக்குப் போகிறான். கீறல் விழுந்த இளஞ்சிவப்புக் கோப்பை ஒன்று கடைக்குட்டி பென்னிக்குச் சொந்தமாகிறது.

பெரியவர்கள் இல்லாமல் குழந்தைகள் இவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கலாமா என்று அக்கால நூலகர்கள் சிலர் குறைப்பட்டார்கள். என் குறை வேறு. வயலட்டுக்குக் காய்ச்சல் கண்டதும் மருத்துவரிடம் ஓடுவது நேர்மையான கட்டம். குழந்தைகளின் சாமர்த்தியத்துக்கு அதுதான் எல்லை. ஆனால் தாத்தா நல்லவராகவும் பெரும் பணக்காரராகவும் அமைந்துவிடுவது ஆசிரியையின் வசதிக்காக. அவர் அந்தப் பெட்டியையே தன் தோட்டத்துக்குக் கொண்டுவந்து பேரப்பிள்ளைகளை வியப்பில் ஆழ்த்துகிறார். நேற்றுவரை வீடு, இன்று விளையாட்டுச் சாமான். பென்னிக்குக் கோப்பை கிடைத்த மகிழ்ச்சி. எனக்குத்தான் மனம் ஒட்டவில்லை.