அரைத்த விளிம்பும் ஆய்வுகூடத் துல்லியமும்

ஏறத்தாழ 1,200 பாகை செல்சியசில் சுடப்படும் போர்சலின் டைல் உலையில் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை என்பதால், வைரத் துகள் பதித்த அரைசில்லுகளால் அதன் நான்கு விளிம்புகளும் அரைக்கப்பட்டு, அளவும் செங்கோணமும் சரிசெய்யப்படுகின்றன. ரணால, எஹெலியகொட போன்ற இடங்களில் டைல் ஆலைகளைக் கொண்ட இலங்கையில் இது தொலைதூரத் தொழில்நுட்பம் அன்று. அக்கரப்பத்தனை போன்ற மலையகத் தேயிலைப் பிரதேசங்களுக்கும் இதில் நேரடி அக்கறை உண்டு; உருட்டிய கொழுந்தை நொதிக்கப் பரப்பும் தளம் டைல் பதித்ததாயின், அரைத்த விளிம்புகளால் டைல்களுக்கிடையிலான இணைப்பு எவ்வளவு ஒடுங்குகிறதோ அவ்வளவுக்குக் கொழுந்துச் சாறு தேங்கும் இடமும் குறையும்.

அரைப்பைச் சோதிக்கும் ஆய்வுகூடப் பொறியின் அடிப்படை வடிவம் எளியது: ஒரு சுழல்தண்டு, அதில் ஒரே அரைசில்லு, டைலை மாறா வேகத்தில் நகர்த்தும் மேடை, அதனடியில் விசையை அளக்கும் உணரி, குளிர்விக்கும் நீர். ஆலையில் பல அரைசில்லுகள் அடுத்தடுத்துத் தேய்ப்பதால் விளிம்பு பெயர்ந்தமைக்கு எது காரணம் எனப் பிரித்தறிவது கடினம். இப்பொறியிலோ வேகம், ஆழம், வைரத் துகளின் பருமன் ஆகியவற்றை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கலாம். டைலை அழுத்தும் விசை தேய்க்கும் விசையைவிட விரைந்து ஏறினால், துகள்கள் மழுங்குகின்றன என்பதை விளிம்பு பெயருமுன்பே ஊகிக்க முடிவது இதன் தலையாய பயன்.

ஆனால் புதிய அரைசில்லு, தெளிந்த நீர், சில டைல் துண்டுகள் என்ற இச்சுத்தமே இதன் குறையும் ஆகிறது. ஆலையின் அரைசில்லு மணிக்கணக்கில் தேய்ந்தது. அதன் நீர் அரைத்த சேறு கலந்து மீண்டும் மீண்டும் சுற்றுவது. துண்டாக வெட்டிய டைலில், உலையில் குளிரும்போது உள்ளே தங்கிய தகைப்பு ஓரளவு தளர்ந்துவிடுகிறது. செலவைக் குறைக்க மெலிந்த சட்டகத்தில் அமைத்த பொறியோ அதிர்ந்து, தன் குறையை டைலின் பலவீனமாகப் பதிவுசெய்கிறது. இது மன்னிக்கத் தகாத வடிவமைப்புப் பிழை.

அளக்கும் முறையிலும் சிக்கல் உண்டு. ஐ.எஸ்.ஓ 10545-2 நியமம் மேற்பரப்புக் குறைகளை 300 லக்ஸ் வெளிச்சத்தில், 1 மீற்றர் தொலைவிலிருந்து, வெறுங்கண்ணால் பார்க்கச் சொல்கிறது. வீட்டு விறாந்தைக்கு அது போதும். அத்தொலைவில் தெரியாத சிறு பெயர்விலும் சாறு தங்கிப் பக்ரீரியா வளரக்கூடிய நொதித்தல் தளத்துக்குப் போதாது. ஆகவே விசை அளவீட்டோடு சோதனையை முடிக்காமல், விளிம்பில் மை தடவித் துடைத்து, எஞ்சும் கறையை உருப்பெருக்கியில் அளப்பதும், ஆலையில் பாதி தேய்ந்த அரைசில்லையும் அதன் சேற்று நீரையும் கொண்டே சோதனையை மீண்டும் நடத்துவதும் பொறியின் வடிவமைப்பிலேயே இடம்பெற வேண்டும்.