வாணலியோடு நிற்கும் ஒன்பது வயசுக்காரி

டெர்ரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் வரிசையில் 41 நாவல்கள். எங்கே ஆரம்பிக்கிறதுன்னு மலைக்க வேண்டாம். 2003-ல் இளையோருக்காக அவர் எழுதிய 'தி வீ ஃப்ரீ மென்' போதும். முன்கதை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை.

டிஃபனி ஏக்கிங்குக்கு ஒன்பது வயது. சுண்ணாம்புக் குன்றுகளில் ஆடு மேய்க்கும் குடும்பம். ஒருநாள் ஆற்றுக்குள்ளிருந்து ஒரு பூதம் தலை நீட்டுகிறது. அதன் கண்கள் சூப் தட்டு அளவு என்கிறது வீட்டிலிருக்கும் கதைப் புத்தகம். நம்ம ஆள் என்ன செய்கிறாள் தெரியுமா? ஒரு சூப் தட்டை எடுத்து அளந்து பார்க்கிறாள். எட்டு அங்குலம். அப்புறம் தம்பியை மிட்டாய்ப் பையோடு ஆற்றங்கரையில் உட்கார வைத்துவிட்டு வாணலியோடு காத்திருக்கிறாள். ஆமாம், சொந்தத் தம்பிதான் தூண்டில் புழு!

அந்தத் தம்பியைத் தேவதைகளின் ராணி தூக்கிக்கொண்டு போக, இவள் மீட்கக் கிளம்புகிறாள். கூட வருகிறவர்கள் ஆறு அங்குல உயரமுள்ள நீலநிறக் குள்ளர்கள், நாக் மாக் ஃபீகிள்கள். திருட்டு, குடி, சண்டை, இதுதான் அவர்கள் வாழ்க்கை. ஏற்கெனவே செத்து சொர்க்கத்துக்கு வந்துவிட்டதாக நம்புவதால் சாவுக்குப் பயமே கிடையாது. வக்கீல் என்றால் மட்டும் நடுக்கம்.

இவ்வளவுதான் என்றால் சிரித்துவிட்டு மறந்திருப்பேன். ஆனால் இதில் திருமதி ஸ்னாப்பர்லி இருக்கிறாள். பல்லில்லாத, தனியாக வாழ்ந்த கிழவி. பிரபுவின் மகன் காணாமல் போனதும் இவள்தான் சூனியக்காரி என்று ஊர் முடிவு கட்டுகிறது. வீட்டை இழந்து, யாரும் சேர்த்துக்கொள்ளாமல், குளிர்காலத்தில் பனியில் செத்துப் போகிறாள். டிஃபனி அங்கே போய் அந்தக் கிழவியின் அடுப்பையும் அளந்திருக்கிறாள். ஒரு பையனை வைத்துச் சுடுகிற அளவுக்கு அது பெரிசே இல்லை. தட்டை அளந்தபோது சிரித்தோமே, அதே புத்திதான் இங்கே கோபமாகிறது. அவள் சூனியக்காரி ஆக ஆசைப்படுவதும் இந்தக் கோபத்தால்தான். கதைகள் ஒரு கிழவியைக் கொல்லும் என்பதை ஒரு பாத்திரத்தைக்கூடப் பிரசங்கம் செய்ய விடாமல் பிராட்செட் சொல்லிவிடுகிறார்.

கனவுகளுக்குள் அலையும் பகுதி கொஞ்சம் இழுவைதான். பாட்டியைப் பற்றிய நினைவுகள் நடுநடுவே வந்து அதைத் தூக்கி நிறுத்துகின்றன, முக்கியமாக அந்தப் பீங்கான் பொம்மை விஷயம். அதை நீங்களே படிச்சுக்கோங்க.

ஃபீகிள்களின் ஸ்காட்லாந்துப் பேச்சு முதலில் தடுமாற வைக்கும். வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். பஸ்ஸில் மட்டும் வேண்டாம்.