சாட்சியமாக வாசிக்கப்படும் புதினம்: சூல், செல்லாத பணம், நீர்வழிப் படூஉம் – ஒரு மதிப்பீடு

ஆய்வுச்சுருக்கம்

சோ. தர்மனின் ‘சூல்’, இமையத்தின் ‘செல்லாத பணம்’, தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’ ஆகிய மூன்று அண்மைக்காலப் புதினங்களை மதிப்பீட்டு நோக்கில் இக்கட்டுரை வாசிக்கிறது. புதினத்தைச் சமூகச் செய்திகளின் தொகுப்பாகக் கொண்டு அவற்றைப் பட்டியலிடும் ஆய்வுமுறை, படைப்பின் நிறைகுறைகளைக் கூறாமல் விலகி நிற்கிறது. அம்முறையின் போதாமை, இம்மூன்று படைப்புகளையும் அருகருகே வைத்து நோக்கும்போது வெளிப்படுகிறது. தாம் அறிந்ததைப் புதினம் எவ்வாறு அறிகிறது, எதைத் தீர்ப்பாகச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்னும் வினாக்களே மதிப்பீட்டின் அடிப்படையாக அமைய வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: தமிழ்ப் புதினம், மதிப்பீட்டுத் திறனாய்வு, கதைசொல்லி, கண்மாய், குடிநாவிதர், சாகித்திய அகாதெமி விருது

முன்னுரை

2018 முதல் 2023 வரையிலான ஆறு ஆண்டுகளில், 2021ஆம் ஆண்டு நீங்கலாக, தமிழுக்கான சாகித்திய அகாதெமி விருது புதினத்திற்கே வழங்கப்பட்டுள்ளது. 2021இல் மட்டும் அம்பையின் சிறுகதைத் தொகுப்பு அவ்விருதினைப் பெற்றது. விருது பெற்ற நூல் விரைவில் பாடத்திட்டத்திற்கு வருகிறது. பாடத்திட்டத்திற்கு வந்த நூல் ஆய்வேட்டுத் தலைப்பாகிறது. இவ்வரிசையில் எந்த இடத்திலும் ‘இப்புதினம் நன்றாக அமைந்துள்ளதா?’ என்னும் எளிய வினா எழுப்பப்படுவதில்லை. விருதே அதற்கு விடை கூறிவிட்டதாக நாம் கொள்கிறோம்.

தமிழ்ப் புதினத் திறனாய்வில் இருபெரும் மரபுகள் உண்டு. க.நா. சுப்ரமண்யம், சி.சு. செல்லப்பா ஆகியோரும், செல்லப்பா 1959இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழும் வளர்த்த மரபு படைப்பின் தரத்தை முதன்மையாகக் கருதியது. க. கைலாசபதி தம் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ (1968) முதலான நூல்களில் புதினத்தை அது தோன்றிய சமூக நிலைமைகளோடு இணைத்துக் கண்டார். இருதரப்பினரும் தம்முள் கடுமையாக முரண்பட்டனர். ஆயினும் இருவருமே தீர்ப்பு வழங்கத் தயங்கவில்லை. இன்றைய கல்விப்புல ஆய்வு கைலாசபதியின் வழிவந்ததாகத் தோற்றம் தந்தாலும், அவரிடம் இருந்த மதிப்பிடும் துணிவைக் கைவிட்டுவிட்டது. கதைமாந்தர், சமுதாயச் சிக்கல்கள், பண்பாட்டுக் கூறுகள், மொழிநடை என இயல்கள் பிரிக்கப்படுகின்றன. எந்தப் புதினத்தையும் இப்பெட்டிகளில் அடைத்துவிடலாம். எது சிறந்தது என்பதை மட்டும் இப்பெட்டிகளால் சொல்ல இயலாது.

ஆவண வாசிப்பும் அதன் விளைவும்

புதினத்தை ஆவணமாக மட்டும் வாசிக்கும் பழக்கம் வகுப்பறையோடு நின்றுவிடுவதில்லை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ 2010இல் வெளிவந்தது. 2014ஆம் ஆண்டின் இறுதியில் திருச்செங்கோட்டில் அதற்கு எதிராகப் போராட்டம் எழுந்தது. புதினம் குறிப்பிடும் திருவிழா வழக்கத்திற்குச் சான்று எங்கே என்பதே எதிர்ப்பாளர்களின் முதன்மையான கேள்வி. 2015 சனவரியில் தம்முள் இருந்த எழுத்தாளன் இறந்துவிட்டான் என்று ஆசிரியர் அறிவிக்கும் நிலை ஏற்பட்டது. 2016 சூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பின்னரே அவர் எழுத்துக்குத் திரும்பினார்.

அப்போராட்டத்தைக் கல்விப்புலத்தினர் பலரும் கண்டித்தனர். ஆயினும் எதிர்ப்பாளர்களின் வாசிப்புக்கும் நம் ஆய்வேடுகளின் வாசிப்புக்கும் இடையே ஓர் உறவு இருப்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ஒரு புதினத்தில் வரும் சடங்கை எடுத்து, ‘இவ்வட்டார மக்களிடம் இவ்வழக்கம் இருந்ததை இப்புதினம் வெளிப்படுத்துகிறது’ என எழுதும் ஆய்வாளர் அதனைச் சாட்சியமாகக் கொள்கிறார். அதே சடங்கிற்குச் சான்று கேட்டு நூலைக் கொளுத்துவோரும் அதனைச் சாட்சியமாகவே கொள்கின்றனர். முன்னவர் நம்புகிறார், பின்னவர் மறுக்கிறார். புதினம் என்பது வேறுவகை அறிவு என்பதை இருவருமே ஏற்கவில்லை. எனவே மதிப்பீடு என்பது சுவை சார்ந்த உபரிப் பணியன்று. புனைவைப் புனைவாகக் காக்கும் பொறுப்பும் அதில் அடங்கியுள்ளது.

சூல்: அறிந்ததும் அறிவித்ததும்

உருளைக்குடி என்னும் கரிசல் ஊரின் கண்மாயை மையமாகக் கொண்டது ‘சூல்’. நீர் நிறைந்த கண்மாயை நிறைசூலியாகக் காணும் உருவகமே தலைப்பாகியுள்ளது. எட்டயபுரம் ஆட்சிக் காலத்திலிருந்து நாட்டு விடுதலைக்குப் பிந்தைய காலம் வரை கதை நீள்கிறது. ஊரார் பராமரித்த நீர்நிலை அரசின் பொறுப்புக்குச் சென்று அழிவதே இதன் பெருநிகழ்வு.

இப்புதினத்தின் முற்பகுதி தமிழில் அரிதாகக் கிடைக்கும் நிறைவைத் தருகிறது. தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகளும் கண்மாய்களும் உள்ளன என்பதை அரசுப் பதிவேடு கூறும். ஒரு கண்மாய்க்குள் மீனும் பறவையும் மரமும் மனிதரும் தெய்வமும் எவ்வாறு ஒருவரையொருவர் சார்ந்திருந்தனர் என்பதைப் பதிவேடு கூறாது, தர்மன் கூறுகிறார். மடை திறப்பவரின் கையில் இருக்கும் அளவறிவு, கரம்பை மண் அள்ளும் உழவரின் கணக்கு, மரத்தை வெட்டத் தயங்கும் மனம் ஆகியவை விளக்கமாக வராமல் செயலாகவே வருகின்றன. சிறுசிறு கதைகளாகக் கிளைத்துச் செல்லும் சொல்முறையும், கேலியும் கிண்டலும் கலந்த பேச்சும் வாய்மொழி மரபுக்கு நெருக்கமானவை.

பிற்பகுதியில் இச்சமநிலை குலைகிறது. அரசும் கட்சிகளும் கண்மாயை அழித்தன என்னும் முடிவு ஆசிரியரிடம் முன்னரே உறுதியாகிவிட்டதால், கதைமாந்தர் அம்முடிவை எடுத்துரைக்கும் வாயில்களாகச் சுருங்குகின்றனர். முற்பகுதியில் நங்கூரமிட்டிருந்த காலம் பிற்பகுதியில் விரைந்து ஓடுகிறது. சீமைக்கருவேலம் பரவிய கண்மாயின் காட்சியே போதுமான குற்றச்சாட்டாக இருக்க, அதனருகே கதைசொல்லியின் சொற்பொழிவும் சேர்கிறது. குடிமராமத்து முறையின் வீழ்ச்சி பற்றி ஆசிரியர் கூறுவதில் உண்மையுண்டு. ஆனால் ஒரு கருத்து உண்மையாக இருப்பது, அது புதினத்திற்குள் உயிர்பெற்றிருப்பதற்குச் சான்றாகாது. பழைய ஊரின் ஒத்திசைவைப் போற்றும் ஆர்வத்தில், அவ்வொத்திசைவுக்கு யார் என்ன விலை கொடுத்தார் என்னும் கேள்வியும் மங்கிவிடுகிறது. இவ்விரு குறைகளையும் மீறி நிலைக்கக்கூடியது இப்புதினத்தின் முற்பகுதி என்பது இக்கட்டுரையாளரின் மதிப்பீடு.

செல்லாத பணம்: தீர்ப்பை ஒத்திவைத்தல்

‘சூல்’ ஒரு நெடுங்காலத்தை எடுத்துக்கொண்டது. ‘செல்லாத பணம்’ தன் எடையின் பெரும்பகுதியை ஒரு மருத்துவமனையில் கழியும் சில நாள்களில் இறக்கி வைக்கிறது. தலைமையாசிரியர் நடேசனின் மகள் ரேவதி பொறியியல் படித்தவள். பர்மாவிலிருந்து திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த ஆட்டோ ஓட்டுநர் ரவியைப் பெற்றோர் விருப்பத்திற்கு மாறாக மணக்கிறாள். பின்னர் தீக்காயங்களோடு புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையில் சேர்க்கப்படுகிறாள். எவ்வளவு செலவழிக்கவும் ஆயத்தமாக வந்து நிற்கும் தந்தையின் பணத்திற்கு அங்கே வாங்குவதற்கு ஒன்றுமில்லை.

பெண் எரிந்தாள் என்னும் செய்தி நாளிதழில் நான்கு வரியில் முடிந்துவிடுவது. இமையம் அந்நான்கு வரிக்குள் காத்திருக்கும் நேரத்தைக் கொண்டுவருகிறார். தீக்காயப் பிரிவின் வாயிலில் அமர்ந்திருப்போரின் பேச்சு, அழுகை, குற்றம் சுமத்தல், மீண்டும் அதே பேச்சு என நகரும் உரையாடலே புதினத்தின் உடல். கதைசொல்லி விளக்கவுரை கூறுவது மிகக் குறைவு. தீ எவ்வாறு பற்றியது, அதற்கு யார் பொறுப்பு என்னும் வினா புதினம் முழுவதும் எரிந்துகொண்டிருக்கிறது. ஐயத்திற்கு இடமற்ற விடை தரப்படவில்லை. ரவிக்கும் தன் பக்கத்தைப் பேச இடம் கிடைக்கிறது. அவன் பேச்சைக் கேட்கும் வாசகர் அவனை மன்னிப்பதில்லை; ஆனால் நடேசன் குடும்பத்தின் சாதிப்பெருமிதமும் வர்க்கப்பெருமிதமும் இத்தீயில் பங்கு பெறவில்லை என்று கூறவும் அவரால் இயலாமற் போகிறது. ‘சூல்’ தன் பிற்பகுதியில் வழங்கிய தீர்ப்பை இமையம் வாசகரிடம் ஒப்படைக்கிறார். இப்படைப்பின் வலிமை இவ்விடத்திலேயே உள்ளது.

குறையும் இம்முறையிலிருந்தே பிறக்கிறது. மீண்டும் மீண்டும் ஒரே புலம்பல் வருவது இழவின் இயல்பு என வாதிடலாம். எனினும் சில பக்கங்களில் அத்திரும்பக் கூறல் புதிதாக எதையும் திறந்து காட்டுவதில்லை. இதனினும் பெரிய குறை ரேவதியைப் பற்றியது. படித்த பெண் ஒருத்தி ஏன் ரவியைத் தேர்ந்தாள், தேர்ந்தபின் ஏன் அங்கேயே இருந்தாள் என்பதை நாம் பெரும்பாலும் பிறர் வாய்வழியே அறிகிறோம். எரிந்த உடல் புதினத்தின் நடுவில் கிடக்கிறது. அவ்வுடலுக்குரியவளின் விருப்பம் புதிராகவே நிற்கிறது. ஊரும் உறவும் பெண்ணைப் பேசவிடுவதில்லை என்பதைக் காட்டும் உத்தியாக இதனைக் கொள்ள இடமுண்டு. ஆயினும் உத்தி என்னும் சொல்லால் எல்லா வெற்றிடங்களையும் நிரப்பிவிட முடியாது. இப்புதினத்தைப் ‘பெண்ணியப் படைப்பு’ என வகைப்படுத்தும் ஆய்வுகள் இவ்விடத்தில் நின்று சிந்திப்பது நலம்.

நீர்வழிப் படூஉம்: நினைவின் நேர்மை

கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாடலிலிருந்து தலைப்பைப் பெற்றது ‘நீர்வழிப் படூஉம்’. கொங்கு நாட்டுக் குடிநாவிதர் குடும்பமொன்றின் கதை இது. மனைவி பிரிந்து போனபின் தனித்து நலிந்த காரு மாமாவின் சாவு, சிதறிக் கிடந்த உறவுகளை ஓரிடத்தில் சேர்க்கிறது. அச்சாவை நினைவுகூரும் உறவினன் ஒருவனின் குரலில் கதை விரிகிறது.

ஊரமைப்பைப் பொறுத்தவரை இதனை ‘சூல்’ புதினத்தின் மறுபக்கம் எனலாம். குடியானவர்களுக்கு முடி திருத்தியும் வாழ்வு, சாவுச் சடங்குகளில் பணி செய்தும் ஆண்டுக்கொரு முறை தானியம் பெற்று வாழும் குடும்பத்திற்கு ஊரின் ஒத்திசைவு என்பது நாள்தோறும் குனிந்து நிற்பது. தேவிபாரதி அதனை முழக்கமாக்கவில்லை. ஏக்கத்தோடு போற்றவும் இல்லை. கூலி அளக்கும் இடத்திலும், அழைக்கும் விதத்திலும், உட்கார இடமில்லாத திண்ணையிலும் சாதி தானாகவே தெரிகிறது. எல்லோருடைய இறப்புச் சடங்கையும் நடத்தித் தரும் குடியில் ஒருவர் இறக்கும்போது நிகழும் இழவைப் புதினத்தின் களமாகத் தேர்ந்ததே ஆசிரியரின் பெரும் கண்டடைதல்.

கதைசொல்லி தாம் சிறுவயதில் கண்டதையும், பிறர் சொல்லிக் கேட்டதையும், இப்போது ஊகிப்பதையும் கலந்தே சொல்கிறார். உறவுகளுக்கிடையேயான வஞ்சம் ஒருவர் பார்வையில் ஒருவாறும் மற்றவர் பார்வையில் வேறாகவும் தெரிகிறது. குறைகளும் உண்டு. உறவுமுறைப் பெயர்கள் தொடக்கத்தில் நெருக்கமாக வந்து விழுவதால் யார் யாருக்கு என்ன முறை என்பதை வாசகர் தனியே எழுதி வைத்துக்கொள்ள வேண்டியுள்ளது. கண்ணீர் பெருகும் இடங்கள் அளவுக்கு மிகுதி. இறுதியில் பழைய கசப்புகள் கரையும் வேகம், அதுவரை அவை பெற்றிருந்த கனத்திற்குப் பொருந்தவில்லை. இருப்பினும் மூன்று புதினங்களுள் கட்டமைப்பாலும் குரலாலும் முழுமைக்கு மிக அருகில் நிற்பது இதுவே.

ஒப்பீட்டு மதிப்பீடு

மூன்று புதினங்களும் இழப்பைப் பற்றியவை: ஒரு நீர்நிலை, ஒரு மகள், ஒரு மாமன். சமுதாயச் சிக்கல் என்னும் தலைப்பின்கீழ் இவை சுற்றுச்சூழல், குடும்ப வன்முறை, சாதியம் எனப் பிரிந்து போகும். பிரிந்தபின் ஒன்றோடொன்று பேசா. அறியும் முறையை அளவுகோலாகக் கொண்டால் இவை ஒரே வினாவுக்கு அளிக்கப்பட்ட மூன்று விடைகளாகத் தோன்றுகின்றன. தர்மன் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்கிறார். செயலாகச் சொன்னது நிலைக்கிறது, முடிவாகச் சொன்னது தளர்கிறது. இமையம் அறிய முடியாத ஒன்றைச் சுற்றிப் பேச்சை அடுக்குகிறார். அவ்வடுக்குக்குள் ரேவதியின் குரல் சற்றே அமிழ்ந்துவிடுகிறது. தேவிபாரதி தம் நினைவின் எல்லையைக் கதையின் எல்லையாக ஏற்கிறார். அவ்வெல்லையைக் கடந்து அனைவரையும் இணக்கப்படுத்த விழையும்போது மட்டும் தடுமாறுகிறார்.

இம்மதிப்பீட்டை மறுக்க இயலும். ‘சூல்’ புதினத்தின் சொற்பொழிவுப் பகுதிகளை வாய்மொழிக் கதைசொல்லியின் உரிமை என ஒருவர் வாதிடலாம்; அவ்வாதம் நூலின் சொல்முறையைக் கொண்டே நிறுவப்பட வேண்டும். அத்தகைய மறுப்பு எழுமாயின் அதுவே ஆய்வு. பட்டியலை எவரும் மறுப்பதில்லை. மறுப்பதற்கு அதில் ஒன்றும் இராது.

முடிவுரை

விருது பெற்ற புதினத்தின் குறையைச் சுட்டுவது அதனைச் சிறுமைப்படுத்துவதாகாது. ‘சூல்’ காட்டும் கண்மாயும், ‘செல்லாத பணம்’ காட்டும் மருத்துவமனை வாயிலும், ‘நீர்வழிப் படூஉம்’ காட்டும் இழவு வீடும் எந்தக் கள ஆய்வும் தராத அறிவைத் தருகின்றன. அவ்வறிவு எங்கு கூர்மையாகிறது, எங்கு மழுங்குகிறது என்பதைச் சொல்ல வேண்டியவர் திறனாய்வாளர். முதுகலை வகுப்பிலும் ஆய்வுத்திட்ட வரைவிலும் ‘இப்புதினத்தில் என்னென்ன உள்ளன?’ என்னும் கேள்வியோடு, ‘அவை ஏன் உங்களை நம்ப வைத்தன, எந்தப் பக்கத்தில் நம்பிக்கை தளர்ந்தது?’ என்னும் கேள்வியையும் மாணவரிடம் எழுப்ப வேண்டும். அவ்வினாவுக்கு நூலைத் திறந்து காட்டி விடை கூறப் பழகிய வாசகர், புனைவிடம் சான்று கேட்டு எவரேனும் மிரட்டும் நாளில் அப்புனைவின் பக்கம் நின்று பேசவும் சொற்களைப் பெற்றிருப்பார்.