கட்டிக்குக் குழாய் வளர்க்கும் ஆர்.என்.ஏ.

சென்னை குரோம்பேட்டையின் எம்.ஐ.டி. வளாகத்தில் ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையம் இருக்கிறது. சுவ்ரோ சாட்டர்ஜி அங்கே நடத்திவந்த இரத்தக் குழாய் உயிரியல் ஆய்வகம் 2006-ல் ஒரு முடிவை வெளியிட்டது. நைட்ரிக் ஆக்சைடு தூண்டினால் குழாயின் உட்சுவர்ச் செல்கள் இடம்பெயர்ந்து புதுக்கிளை விடுகின்றன. தாலிடோமைடு அந்த இடப்பெயர்வைத் தடுக்கிறது. கருவிலிருந்த குழந்தைகளின் கைகால்களைக் குலைத்து, 1961-ல் ஜெர்மனியில் விற்பனையிலிருந்து விலக்கப்பட்ட அதே மருந்துதான். இன்று அது எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்குத் தரப்படுகிறது.

புற்றுநோய்க்கும் குழாய்க்கும் உள்ள உறவை 1971-ல் அழுத்தமாகச் சொன்னவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன். ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பெருக வேண்டுமென்றால் கட்டிக்குத் தனி இரத்த ஓட்டம் வேண்டும் என்றார். குழாயை வளர்க்கும் வி.இ.ஜி.எஃப். புரதத்தை முடக்கும் பெவாசிசுமாப் 2004-ல் வந்தது. பலருக்கு ஆயுள் நீண்டது, ஆனால் பெரும்பாலும் சில மாதங்களே. ஒரு புரதத்தை அடைத்தால் கட்டி வேறு வழி தேடிக்கொள்கிறது. அந்தப் புரதங்களை ஏவிவிடுவது எது என்ற கேள்வி அங்கிருந்துதான் வலுக்கிறது.

விடையை ஆர்.என்.ஏ.க்களிடமும் தேடுகிறார்கள். நம் டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறிப்பு 2 விழுக்காட்டுக்கும் குறைவு. மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. அவற்றில் 200 எழுத்துக்கு மேல் நீண்டு, புரதம் எதையும் செய்யாதவையே நீண்ட குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்கள். சில மரபணுக்களை அடக்குகின்றன. சில, நுண் ஆர்.என்.ஏ.க்களைப் பஞ்சுபோல உறிஞ்சிச் செயலிழக்கச் செய்கின்றன.

இவற்றில் அதிகம் பேசப்பட்டது மாலட்1. தொடக்கநிலை நுரையீரல் புற்றுநோயில் இது மிகுந்திருந்தால் நோய் பரவும் வாய்ப்பு கூடுதல் என்று 2003-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் கண்டனர். 2014-ல் ஃபிராங்க்ஃபர்ட் குழு, மாலட்1-ஐ அடக்கினால் குழாய்ச் செல்கள் பெருகுவது குறைவதையும், இரத்தம் தடைபட்ட எலிக் காலில் குழாய்கள் மீள்வது தாமதப்படுவதையும் காட்டியது. சரி, குற்றவாளி கிடைத்துவிட்டது என்று முடித்துவிட முடியாது. இந்த ஆர்.என்.ஏ.வே இல்லாமல் பிறந்த எலிகள் 2012-லேயே இயல்பாக வளர்ந்து காட்டியிருந்தன. 2018-ல் ஹூஸ்டன் ஆய்வாளர்கள் எலியின் மார்பகப் புற்றுநோயில் நேர்மாறானதைக் கண்டார்கள்: மாலட்1-ஐ நீக்கியபோது நோய் கூடுதலாகப் பரவியது. இந்தத் துறையில் யார் எந்த முடிவைச் சொன்னாலும் இந்த முரணை நினைவில் வைத்துக்கொண்டு கேட்பதே நல்லது. மெக்3 என்ற இன்னொரு நீண்ட ஆர்.என்.ஏ. வேறு வகை. அது இல்லாத எலிக்கருவின் மூளையில் குழாய்கள் பெருகின. ஆக, அது குழாய்க்குக் கடிவாளம்.

தென்சென்னையின் பங்கு சிறிதல்ல. அடையாறு புற்றுநோய் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் தொடக்கநிலை மார்பகப் புற்றுநோயில் மாறுபடும் நீண்ட ஆர்.என்.ஏ.க்களை அடையாளம் கண்டு 2019-ல் வெளியிட்டார்கள். காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலையில் செல்வமுருகன் குழு, மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவும் வழியில் குறியீடற்ற ஆர்.என்.ஏ.க்களைத் தேடுகிறது. என்னை அதிகம் ஈர்ப்பது தரமணி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் அந்த வளாகத்தில் முனிராஜன் குழு வாய்ப் புற்றுநோய்த் திசுக்களை ஆராய்ந்து 2017-ல் லிங்க்-ரோர் என்ற ஆர்.என்.ஏ.வைச் சுட்டியது. முதிர்ச்சியற்ற செல்கள் நிறைந்த கட்டிகளில் அது மிகுந்திருந்தது. நோய் திரும்புவதோடும் சிகிச்சை பலிக்காததோடும் அதற்குத் தொடர்பு இருந்தது. புகையிலை மெல்லும் பழக்கம் விடாத நம் நாட்டுக்கு இது நேரடிச் செய்தி.

கல்லீரல் புற்றுச் செல்களில் லிங்க்-ரோர், மிர்-145 என்ற நுண் ஆர்.என்.ஏ.வைப் பிடித்துவைத்து, ஆக்சிஜன் குறையும்போது இயங்கும் ஹிஃப்-1 புரதத்தை உயர்த்துகிறது என்று 2014-ல் காட்டப்பட்டிருக்கிறது. வி.இ.ஜி.எஃப்.பை வரவழைப்பவற்றுள் முக்கியமானது ஹிஃப்-1. அப்படியென்றால் தரமணியில் கண்ட அந்த ஆர்.என்.ஏ. வாய்க் கட்டிக்கும் குழாய் வளர்க்கிறதா?

புற்றுநோயில் எந்த ஆர்.என்.ஏ. கூடியது, எது குறைந்தது என்ற பட்டியல்கள் உலகெங்கும் போதுமான அளவு சேர்ந்துவிட்டன. கூடியிருப்பதால் மட்டும் எதுவும் காரணமாகிவிடாது. உட்சுவர்ச் செல்லிலும் கருவுற்ற கோழிமுட்டையிலும் குழாய் வளர்வதைச் சோதிக்கும் கைப்பழக்கம் குரோம்பேட்டையில் வேரூன்றியது. நோயாளிகளின் திசு அடையாற்றிலும் தரமணியிலும் இருக்கிறது. ஒரே நகரத்தின் இந்த ஆய்வகங்கள் பொதுத் திட்டம் ஒன்றில் சேர்ந்து லிங்க்-ரோரை அடக்கிப் பார்க்க வேண்டும். நிதி ஒதுக்குவோர் அடுத்த பட்டியலுக்கு முன் இந்தச் சோதனைக்குப் பணம் தர வேண்டும்.