உருக்மிணிதேவியின் நாட்டியநாடகங்கள்: ஒரு மதிப்பீடு

ஆடற்கலைஞர் ஒருவர் தாம் ஆடிய ஆட்டத்தாற் புகழ்பெறுதல் உண்டு. பிறரை ஆடச்செய்த திறத்தாற் புகழ்பெறுதலும் உண்டு. முன்னதன் சுவை கண்டாரோடு முடியும்; பின்னது மாணவர் வழிநின்று வளரும். இவ்விரண்டாம் வகையில் வைத்து எண்ணத்தக்கவர் உருக்மிணிதேவி அருண்டேல். அவர் அமைத்த நாட்டியநாடகங்களால் நம் ஆடற்கலை பெற்றது யாது, இழந்தது யாது என ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1904ஆம் ஆண்டு மதுரையிற் பிறந்த உருக்மிணிதேவி, முதலிற் கற்ற ஆடல் பரதம் அன்று. மேலைநாட்டுப் பாலே ஆகும். உருசிய நாட்டு நடனமாது அன்னா பாவ்லோவாவை 1928இற் சந்தித்து அவரோடு நட்புப் பூண்டார். பாவ்லோவா குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டியிடம் பாலே பயின்றார். தாய்நாட்டு ஆடலைத் தேடுமாறு அவரைத் தூண்டியவரும் பாவ்லோவாவே. 1933இற் சென்னையிற் சதிராட்டங் கண்டபின் அவர் உள்ளம் அதன்பாற் சென்றது. மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தணைநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் பயின்று, 1935இல் அடையாற்றில் அரங்கேறினார். அடுத்த ஆண்டிற் கலாக்ஷேத்திரம் உருவாயிற்று.

அவர் பாலேயிலிருந்து கொண்டதென்ன? அதன் அடிவைப்பையோ நுனிக்கால் நடையையோ அவர் பரதத்துட் புகுத்தினாரல்லர். மேடையை முழுவதாகக் காணும் பார்வையையே கொண்டார். சதிரில் ஆடுபவருக்குப் பின்னே நின்ற பக்கவாத்தியத்தார் மேடையின் ஒருபுறத்தில் அமர்ந்தனர். உடையமைப்பு கோயிற் சிற்பங்களை நோக்கித் திருத்தப்பட்டது. ஒளியும் வண்ணமும் பொருளுக்கேற்ப வகுக்கப்பட்டன. பலர் ஒருங்கே ஆடும்போது ஒவ்வொருவரும் நிற்கவேண்டிய இடமும் திரும்பவேண்டிய திசையும் முன்னரே வரையறுக்கப்பட்டன. இவை பாலே அரங்கில் நெடுங்காலம் பேணப்பட்ட ஒழுங்குகள்.

இவ்வொழுங்கிற்கு வாய்ப்பான களமாக அமைந்தது, 1944இல் அவர் மேடையேற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சி. திரிகூடராசப்பக் கவிராயர் அருளிய இந்நூல் இயல்பிலேயே ஆடலுக்குரியது. வசந்தவல்லி பந்தாடுகின்றாள், குற்றாலநாதர்பாற் காதல்கொண்டு வாடுகின்றாள், சிங்கி வந்து குறிசொல்லுகின்றாள், சிங்கன் அவளைத் தேடியலைகின்றான். தலைவியின் மென்னடையும் குறத்தியின் துள்ளலும் ஒன்றாகா. தனியாடலில் ஒருத்தியே மாறிமாறிக் காட்டிய பாத்திரங்களைப் பலருக்குப் பகிர்ந்தளித்தபோது, ஒவ்வொன்றற்கும் உரிய நடையை வேறுபடுத்திக் காட்டும் வாய்ப்புக் கிட்டியது. பின்னர் 1955 முதல் 1970 வரை இராமாயணம் ஆறு நாட்டியநாடகங்களாக உருப்பெற்றது. மைசூர் வாசுதேவாச்சாரியார் தொடங்கிய இசையமைப்பை, 1961இல் அவர் மறைந்தபின் அவர்தம் பெயரர் இராஜாராம் நிறைவேற்றினார். கதகளி ஆசான்களின் துணையால் ஆண்பாத்திரங்களும் வலிவு பெற்றன.

இனி, இழந்தது யாது? சதிரின் உயிர்நிலை அபிநயத்தில் உளது. ஓரடியைப் பாடகர் திரும்பத்திரும்பப் பாட, ஆடுபவள் அவ்வப்போது தோன்றும் கற்பனையால் அதற்குப் புதுப்புதுப் பொருள் விரிப்பாள். அளவறுத்த குழுவாடலில் இவ்வுரிமைக்கு இடம் குறைவு. மேலும், சிற்றின்பச் சுவை மிக்கனவெனத் தாம் கருதிய பதங்களை உருக்மிணிதேவி விலக்கினார். இதனை மறுத்தவர் பாலசரசுவதி. சிருங்காரமே பரதத்தின் தலையாய சுவை என்பதும், அதனைத் தூய்மை செய்ய வேண்டுவதில்லை என்பதும் 1975இற் சென்னைத் தமிழிசைச் சங்கத்தில் அவர் ஆற்றிய தலைமையுரையின் சாரம். தலைமுறை தலைமுறையாக அக்கலையைக் காத்த குலத்தில் வந்தவர் கூற்றாதலின் அதனை எளிதிற் புறந்தள்ளல் தகாது. கலைக்குப் புதுமதிப்பு வந்தபோது, அதனைக் காத்த குலமகளிர்க்கு அம்மதிப்பிற் பங்கு கிட்டாமையும் மறக்கற்பாலதன்று. இக்குறைகளை ஒப்புக்கொண்ட பின்னரும், தனியாடலை அழியவிடாது கற்பித்துக்கொண்டே அதனருகிற் குழுவாடலை வளர்த்த பெருமை உருக்மிணிதேவிக்கு உண்டு என்பதே எம் துணிபு.

இவ்வாராய்ச்சி ஈழத்தார்க்கும் புறம்பானதன்று. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன், வட்டக்களரியில் விடியவிடிய ஆடப்பட்ட கூத்தைச் சுருக்கிப் படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது எழுந்த வினாவும் இதுவே: மேடைக்கேற்பக் கலையைத் திருத்துங்கால் எதனைக் காப்பது, எதனை விடுவது?

தென்மராட்சியிலும் பிறவிடங்களிலும் கலைவிழாத்தோறும் நாட்டியநாடகங்கள் அரங்கேறுகின்றன. உடையும் ஒளியும் குழுநிலையும் அவற்றிற் சிறந்து விளங்கல் கண்கூடு. ஆயின், பதிவுசெய்த பாட்டுக்கு ஒரே சீராகக் கைகள் உயரக் காணும்போது, அக்கைகள் காட்டும் பொருளை ஆடும் மாணவி உணர்ந்தாளோ என்னும் ஐயம் எழுகின்றது. உருக்மிணிதேவியின் நாடகங்களில் ஆடியோர் தனியடவும் அபிநயமும் ஆண்டுக்கணக்கிற் பயின்ற பின்னரே குழுவில் நின்றனர். நாமோ அவர் அடைந்த முடிவிலிருந்து தொடங்குகின்றோம். ஒரு பதத்தையேனும் தனித்து நின்று உணர்ந்தாட வல்லவளாக ஒரு மாணவியை ஆக்கிய பின்னர்க் குழுவில் நிறுத்துதல் ஆசிரியர் கடனாகும். அக்கடன் தவறின், மேடை நிறையும், கலை நிறையாது.