சாளரத்தின் வழியே வந்த போதகர்: ஜான் கால்ட்டின் ‘சேகரத்தின் ஆண்டுக் குறிப்புகள்’ பற்றிய ஒரு மதிப்பீடு

சபை வரலாறு எழுதுவது எளிதான பணி என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஆலயத்திற்கு அடிக்கல் நாட்டிய நாள், அர்ப்பணம் செய்த பேராயரின் பெயர், பணியாற்றிய போதகர்களின் வரிசை, மணிக்கூண்டுக்கும் மதிற்சுவருக்கும் நன்கொடை அளித்தோர் பட்டியல் ஆகியவற்றை நிரல்படுத்திவிட்டால் நூற்றாண்டு விழா மலர் நிறைவு பெற்றுவிடுகிறது. ஆனால் அச்சபையார் எதற்காக அழுதனர், எதற்காக வழக்காடினர், அவர்களுள் யாருடைய குரல் கேட்கப்படாமற்போயிற்று என்பவற்றை அம்மலர்களில் தேடினால் வெறுங்கையோடுதான் திரும்ப வேண்டும். இக்குறையை எண்ணுந்தோறும் நமக்கு நினைவுக்கு வரும் நூல், ஜான் கால்ட் எழுதி 1821ஆம் ஆண்டு எடின்பரோவில் வெளியான ‘ஆனல்ஸ் ஆஃப் தி பாரிஷ்’ என்பதாகும். ‘சேகரத்தின் ஆண்டுக் குறிப்புகள்’ என்று அப்பெயரைத் தமிழிற் சொல்லலாம். அதில் வரும் ஊரும் போதகரும் கற்பனையே. எனினும், உண்மைச் சபைகளைப் பற்றி எழுதப்பட்ட வரலாறுகள் பலவற்றினும் இக்கற்பனை நமக்கு மிகுதியாகக் கற்பிக்கிறது என்பது நம் துணிபு.

நூலின் அமைப்பு

கால்ட் போதகரல்லர். 1779இல் ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில், ஏர்ஷயர் மாவட்டத்து இர்வின் நகரிற் பிறந்து, வணிகத்திலும் எழுத்திலும் வாழ்நாளைச் செலவிட்டு, 1839இல் மறைந்தவர். அவர் படைத்த மீகா பால்விடர் என்னும் பிரெஸ்பிட்டேரியன் போதகர், டல்மெய்லிங் என்ற சிற்றூர்ச் சபையில் தாம் ஆற்றிய பணியை முதுமையிலே நினைவுகூர்ந்து எழுதுவதாக நூல் அமைந்துள்ளது. 1760 தொடங்கி 1810 வரை, ஆண்டுக்கு ஓர் அதிகாரமாக 51 அதிகாரங்கள். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அரியணை ஏறிய அதே நாளில் தாமும் சபையில் நிலைநாட்டப்பட்டதாகப் போதகர் பெருமிதத்தோடு தொடங்குகிறார். மன்னரின் ஆட்சியையும் தம் பணியையும் அவர் ஒரே தட்டில் வைத்துப் பார்ப்பது நமக்குச் சிரிப்பூட்டுகிறது. ஆனால் எந்தப் போதகர்தாம் தம் சபையை உலகின் நடுவாகக் கருதாதிருந்தார்?

பெரியவையும் சிறியவையும் இந்நூலில் ஒரே குரலிற் சொல்லப்படுகின்றன. தேயிலை குடிக்கும் பழக்கம் ஊருக்குள் நுழைந்ததும், அமெரிக்கப் போருக்கு இளைஞர்கள் படையிற் சேர்க்கப்பட்டதும் அடுத்தடுத்து வருகின்றன. பிரபு ஒருவரின் வண்டி இரவிலே தெருவோரக் குப்பைக்குழியிற் கவிழ்ந்ததனால் ஊருக்குப் புதிய சாலை கிடைக்கிறது. ஐந்து பிள்ளைகளோடு கைம்பெண்ணான மால்கம் அம்மையார் நூல் நூற்றுப் பிழைக்கிறார்; அவருடைய மகன் சார்லஸ் 1782இல் கடற்போரில் மாண்ட செய்தியைத் தாயிடம் சொல்லும் கடமை போதகர்மேல் விழுகிறது. அப்பகுதியைப் படிக்கும் எந்த ஊழியரும், தாம் அத்தகைய செய்தியைச் சுமந்து சென்ற வீட்டு வாசலை நினையாதிருத்தல் அரிது.

அடைக்கப்பட்ட கதவு

நூலின் திறவுகோல் முதல் அதிகாரத்திலேயே உள்ளது. அக்காலத்து ஸ்காட்லாந்து திருச்சபையில், 1712ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போதகரை நியமிக்கும் உரிமை பெரும்பாலும் நிலவுடைமையாளரான புரவலரிடம் இருந்தது. பால்விடர் புரவலரால் அனுப்பப்பட்டவர். சபையார் அவரை அறியார். ஆகவே அவர் வரும் நாளில் அவர்மேலும் உடன் வந்தோர்மேலும் சேற்றை வாரி எறிகின்றனர். ஆலயக் கதவை ஆணி அடித்து மூடிவிட்டபடியால், வந்தவர்கள் சாளரத்தின் வழியே உள்ளே நுழைய நேரிடுகிறது. காவலுக்குப் படைவீரர்கள் நிற்க, தாமஸ் தோர்ல் என்ற நெசவாளர் எழுந்து, தொழுவத்திற்குள் வாசல் வழியாய் நுழையாதவனைப் பற்றி யோவான் 10ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் உரைத்ததைச் சபை நடுவே எடுத்துரைக்கிறார். திருமறை வாக்கு அவ்வளவு பொருத்தமாகவும் அவ்வளவு கூர்மையாகவும் ஒரு போதகருக்கு எதிராகப் பயன்பட்ட இடம் இலக்கியத்திற் பிறிதுண்டோ என நாம் அறியோம்.

பின்னர் நிகழ்வதே நோக்கற்பாலது. புதிய போதகர் வீடு வீடாகச் சந்திக்கச் செல்கிறார், கதவுகள் சாத்தப்படுகின்றன. இறுதியில் ஒரு கதவு திறக்கிறது. அதைத் திறப்பவர் அதே தோர்ல். உம்மை எம்மினும் மிகுதியாக எதிர்த்தவர் எவருமில்லை, ஆயினும் நீர் இப்படி எம்மைத் தேடி வந்தது கிருபையின் அடையாளம் என்னும் கருத்துப்பட அவர் பேசுகிறார். சாளரத்தின் வழியே வந்தவருக்கு வாசலைத் திறந்தவர் புரவலர் அல்லர். எதிர்த்துப் பேசிய நெசவாளர். பால்விடருக்குச் சபையார் தந்த முதல் அழைப்பு அதுவே எனலாம்.

போதகர் விட்டுச் சென்ற அறை

1788இல் கெயேன் என்பவர், அமெரிக்க விடுதலைப் போரில் மன்னர் பக்கம் நின்று ஊரிழந்து வந்தவர், பஞ்சாலை ஒன்றை நிறுவுகிறார். அதைச் சூழ்ந்து கெயேன்வில் என்னும் புதிய குடியிருப்பு எழும்புகிறது. செய்தித்தாள் படிக்கும், அரசியல் பேசும் இளம் நெசவாளர் கூட்டம் ஒன்று சேகரத்திற்குள் உருவாகிறது. 1793இல் பிரெஞ்சு மன்னர் கொல்லப்பட்ட செய்தியால் நாடெங்கும் அச்சம் பரவிய வேளையில், இரண்டு நெசவுத்தொழில் இளைஞர்கள் விசாரணைக்குக் கொண்டுவரப்படுகின்றனர். நீதி விசாரிப்பவர் ஆலைமுதலாளியான கெயேனே. சீர்திருத்தம் என்று நீங்கள் சொல்வது என்ன என்று அவர் சினந்து கேட்கிறார். இயேசு கிறிஸ்துவும் சீர்திருத்தக்காரர் அல்லரோ என்று இளைஞர்கள் திருப்பிக் கேட்கின்றனர். அதனால் அவர் கண்ட பயன் யாது, சிலுவையில் அறையப்பட்டாரன்றோ என்று முதலாளி சீறுகிறார்.

அச்சொல்லைக் கேட்ட பால்விடருக்குத் தலை சுற்றுகிறது; வீடே இடிந்து விழுவதுபோல் தோன்றுகிறது. அவர் வெளியேறி, குருமனைக்குச் சென்று, தம் படிப்பறையில் திகைத்து அமர்ந்துவிடுகிறார். இளைஞர்மேல் குற்றம் ஏதும் காணப்படவில்லை என்றும், அன்றுமுதல் கெயேனைக் கிறிஸ்தவர் என்று கருத இயலவில்லை என்றும், எனினும் அவர் அரசுக்கு உண்மையானவரே என்றும் எழுதி அதிகாரத்தை முன்னே நடத்துகிறார்.

நூல் முழுவதிலும் நம்மை மிகுதியாக உறுத்துவது இந்த இடம். சிலுவையின் பொருள் என்ன என்னும் வினா அந்த அறையில் எழுந்தது. அதற்கு விடை சொல்லப் பயின்றவர் அங்கே ஒருவரே இருந்தார். அவர் எழுந்து போய்விட்டார். கால்ட் இதைக் குறித்து ஒரு சொல்லும் தாமாகச் சொல்வதில்லை. போதகரின் வாயினாலேயே, அவர் உணராத குற்றத்தை அவரையே ஒப்புக்கொள்ள வைக்கிறார். கெயேனையும் அவர் வெறும் தீயவராகக் காட்டவில்லை. பஞ்சகாலத்தில் முன்னறிவோடு தானியம் வரவழைத்து ஏழைகளுக்கு உதவியவரும் அவரே. கொடையாளரைக் கண்டிக்கத் துணியாத போதகர்களுக்கு இச்சிக்கல் புதிதன்று.

வெள்ளித் தட்டு

நெசவாளருட் பலர் மெல்ல மெல்ல வேறிடம் நாடுகின்றனர். 1733 முதலே ஸ்காட்லாந்தில் புரவலர் உரிமையை எதிர்த்துப் பிரிந்த சபைகள் இருந்தன. 1809இல் அத்தகையோரின் தொழுகைமனை பால்விடரின் சேகரத்திலும் திறக்கப்படுகிறது. அதே ஆண்டில் அவருடைய சொந்த மூப்பர்கள் வந்து, முதுமையைக் கருதி உதவிப் போதகர் ஒருவரை வைத்துக்கொள்ளுமாறு மெல்லச் சொல்கின்றனர். 1810இல் அவர் இறுதிப் பிரசங்கம் செய்கிறார். அன்று மாலையில் பிரிந்து சென்றோரின் குழு, தங்கள் போதகரோடு வந்து அவருக்கு வெள்ளித் தட்டு ஒன்றை அளிக்கிறது. எப்பிரிவினர் என்று பாராமல் ஏழைகளுக்கு அவர் செய்த உதவியைப் போற்றும் சொற்கள் அதிற் பொறிக்கப்பட்டுள்ளன. அப்பொறிப்பை இயற்றியவர், நாள்கூலிக்கு உழைக்கும் ஓர் இளம் நெசவாளர்.

1760இல் கதவைத் திறந்தவர் நெசவாளர். 1793இல் கிறிஸ்துவைப் பற்றிய வினாவை எழுப்பியவர்கள் நெசவாளர்கள். 1810இல் போதகரின் ஊழியத்திற்குச் சான்று எழுதியவரும் நெசவாளர். தாம் தம் வரலாற்றை எழுதுவதாகப் பால்விடர் எண்ணுகிறார். அவர் அறியாமலே அவருடைய ஏடு அவர்களின் வரலாறாகிவிடுகிறது. அவருடைய அன்பு அவருடைய அறிவினும் பெரிதாயிருந்தது என்பதையும் அவர்களே கண்டுகொண்டனர்.

குறைகள்

இந்நூலிற் குறை இல்லாமலில்லை. ஐம்பதாண்டுக் காலம் பிரசங்கித்தவரின் ஏட்டில் நற்செய்தியின் ஆழம் மிகக் குறைவு. திருவிருந்தும் செபமும் நிகழ்ச்சிகளாக வருகின்றனவேயன்றி, அவற்றாற் சபை எவ்வாறு உருவாயிற்று என்பது விளங்கவில்லை. 1808இல் ஆலை முறிந்து, மேற்பார்வையாளர் ஒருவரும் அவர் மனைவியும் தம் உயிரை மாய்த்துக்கொண்டபோது, போதகர் உருகுகிறார். ஆனால் அத்துயரைக் குறித்துப் பலிபீடத்தண்டை நின்று என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. மக்கள் நற்செய்தியை விட்டுப் பயனைமட்டும் கருதும் கொள்கையைப் பற்றிக்கொள்ளலாகாது என அவர் எச்சரிப்பதுண்டு. அந்த இடத்தில் வந்த ‘யூட்டிலிட்டேரியன்’ என்ற சொல்லையே பின்னாளில் ஜான் ஸ்டூவர்ட் மில் தம் தத்துவத்திற்குப் பெயராக எடுத்துக்கொண்டதாகக் கூறியிருக்கிறார். போதகரின் எச்சரிக்கை மறைந்து, அவர் அஞ்சிய சொல் நிலைத்தது! இக்குறை கால்ட்டினுடையதா, அவர் படைத்த போதகருடையதா என்று பிரித்தறிவது கடினம்.

நமக்குரியது

ஆணி அடித்த கதவு பால்விடரின் காலத்தோடு முடியவில்லை. 1843இல் அதே புரவலர் உரிமை ஸ்காட்லாந்து திருச்சபையை இரண்டாகப் பிளந்தது. போதகருள் மூன்றிலொரு பங்கினர் வெளியேறித் தனிச் சுதந்திரத் திருச்சபையை அமைத்தனர். 1837இல் சென்னையிலே பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சனும் அவருடைய உடன் ஊழியரும் அப்புதிய சபையோடு சேர்ந்தனர். அப்பள்ளியே பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அச்சட்டம் 1874இல்தான் நீக்கப்பட்டது. ஸ்காட்லாந்து ஊழியத்தின் சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையின் வழியாகவும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையின் வழியாகவும் நம் பொது மரபிற் கலந்தன. ஆகவே போதகரை அனுப்புவதில் சபையாரின் குரலுக்கு இடமுண்டா என்னும் வினா நமக்கு அயலானதன்று.

நாமும் ஒருமுறை ஒரு சபையின் நூற்றாண்டு மலருக்கு வரலாறு எழுதினோம். பழைய குறிப்பேட்டில், தங்களைக் கேளாமல் போதகர் மாற்றப்பட்டதைக் குறித்துச் சபையாருட் சிலர் கொடுத்த விண்ணப்பம் ஒன்று இருந்தது. கையெழுத்திட்டோருட் பலர் பெருவிரல் ரேகை வைத்தவர்கள். விழாவுக்கு அது ஏற்றதன்று என்று கருதி அதை விட்டுவிட்டோம். மலர் அழகாக வெளிவந்தது. ஒருவரும் குறை கூறவில்லை. இன்று இந்நூலை மீண்டும் படிக்கும்போது, அந்த ரேகைகள்தாம் அச்சபையின் வரலாற்றில் நாம் கண்ட மிக உண்மையான பக்கம் என்று தோன்றுகிறது.

சபை வரலாறு எழுதப் புகும் இறையியல் மாணவர், அடிக்கல்லின் நாளைக் குறித்துக்கொள்ளட்டும். அதோடு, எந்தக் கதவு யாருக்கு எதிராக மூடப்பட்டது என்றும், பின்பு அதை உள்ளிருந்து திறந்தவர் யார் என்றும் தேடுவாராக.