பெரிய எழுத்துக்கு ஓர் அழகு

மலேசியாவின் காஜாங் வட்டாரத்தில் அச்சாகும் திருமண அழைப்பிதழ்களில் ஒரு வேறுபாடு உடனே கண்ணில் படும். மணமக்கள் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும் இடத்தில், எழுத்தின் தண்டு தடித்தும் இணைப்புக் கோடு மயிரிழை போலவும் இருக்கும். முனைகளில் நுண்ணிய குறுக்குக் கோடு ஓடும். அதே பெயர் தமிழில் வரும்போது, செய்திப் பத்திக்கென்று வரைந்த எழுத்தையே பெரிதாக்கி, ஓரத்தில் கோடு போட்டுத் தடிப்பாக்கி, பொன்நிறம் பூசிவிடுகிறார்கள். அச்சகத்தாரைக் குறை சொல்வதில் பயனில்லை. அவர்கள் கணினியில் இருப்பதைத்தானே போட முடியும்?

ஆங்கில அழைப்பிதழில் நாம் காணும் அந்த எழுத்துக்கு வயது இருநூற்றுக்கும் மேல். பாரிஸில் திதோ குடும்பத்தாரும் இத்தாலியின் பார்மா நகரில் போதோனியும் (1740–1813) அதை உருவாக்கினார்கள். செப்புத் தகட்டில் செதுக்கும் கலை, வழவழப்பான தாள், மேம்பட்ட அச்சு இயந்திரம் ஆகியவை சேர்ந்தபோதுதான் அவ்வளவு மெல்லிய கோடு உடையாமல் அச்சேறியது. வோக், ஹார்ப்பர்ஸ் பஸார் போன்ற இதழ்களின் அட்டைப்பெயரில் இன்றும் அந்த மரபே நிற்கிறது.

தமிழ் வேறு வழியில் வந்தது. ஓலையில் எழுத்தாணி ஏறக்குறைய ஒரே பருமனில் கீறும். தடிப்பும் மென்மையும் நம் எழுத்தில் நிலைபெற்றது அச்சில்தான். 1578இல் கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ அச்சானதிலிருந்து அந்தப் பயணத்தைக் கணக்கிடலாம். 1862இல் வின்சுலோவின் அகராதியைச் சென்னை அமெரிக்கன் மிஷன் அச்சகத்தில் பி. ஆர். ஹண்ட் அச்சிட்டார். 67,000க்கு மேற்பட்ட சொற்களைச் சிறிய எழுத்தில் அடக்கியும் படிக்க இதமாக அமைத்த வேலை அது. ஆனால் அந்த நுட்பம் முழுக்க உள்பக்கத்துக்குச் செலவானது. அட்டைக்கும் தலைப்புக்கும் ஓவியர் கையையே நம்பினோம். ஓவியர் கை ஓய்ந்தபோது, கொட்டை எழுத்து என்பது வெறும் தடித்த எழுத்தாகிவிட்டது.

இந்தத் துறையில் மலேசியா பின்தங்கிய நாடு அன்று. கிள்ளான் பக்கத்துக் கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே ‘முரசு அஞ்சல்’ என்ற தமிழ் மென்பொருளைத் தொடங்கினார். ஆப்பிள் கருவிகளில் வரும் ‘தமிழ் எம்என்’, ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருக்களின் கடைசி இரண்டெழுத்து அவர் பெயர்ச் சுருக்கமே. இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். சங்கம், திரையில் படிக்கச் சீரான தடிப்பில் வரைந்தது. மற்றதில் அச்சு மரபின் ஏற்ற இறக்கம் தெரியும். அவருடைய தந்தை முரசு நெடுமாறன் 1997இல் ‘மலேசியத் தமிழ்க் கவிதைக் களஞ்சியம்’ தொகுத்தவர். ஒரே வீட்டில் ஒருவர் கவிதையைத் திரட்டினார், மற்றவர் அதற்கு வடிவம் தந்தார் என்பதை நினைக்க எனக்குப் பெருமையாகவே இருக்கிறது.

மற்ற இடங்களிலும் நல்ல வேலை நடந்திருக்கிறது. மூர்த்தி செவ்வியல் நூல்வரிசைக்காகப் பியோனா ராஸும் பெர்னாண்டோ மெல்லோவும் உருவாக்கிய எழுத்து, ‘டீரோ தமிழ்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. ‘நோட்டோ செரிஃப் தமிழ்’ மெலிந்ததிலிருந்து மிகத் தடித்தது வரை ஒன்பது எடைகளில் வருகிறது. இரண்டுமே நூலின் உள்பக்கத்தை மனத்தில் வைத்தவை. தலைப்புக்கு என்று வந்தவற்றில் ‘பலூ தம்பி’ குண்டு எழுத்து, ‘அரிமா’ உருண்டு குழைந்த எழுத்து, இலங்கையின் தாரிக் அஸீஸ் வரைந்த ‘கவிவனார்’ சாய்ந்த கையெழுத்து. விளையாட்டுக்கும் நட்புக்கும் எழுத்து உண்டு. கம்பீரத்துக்கு உரியதுதான் அரிது.

காரணம் சோம்பல் மட்டுமன்று. ‘திருமணம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘ரு’வின் உள்ளே ஏராளமான வெளி. ஓர் எழுத்து தள்ளி வரும் மூன்று சுழி ‘ண’விலோ வெளி மிகக் குறைவு. ‘ரு’வின் தண்டுக்குக் கொடுத்த தடிப்பை ‘ண’வின் செங்குத்துகளுக்கெல்லாம் அப்படியே கொடுத்தால் சுழிகள் அடைபட்டுக் கரும்புள்ளியாகும். குறைத்தால் சொல்லின் நடுவே சோகை பிடித்த எழுத்து நிற்கும். ஆகவே ஒவ்வொரு சுழியிலும் எங்கே தடிப்பது, எங்கே மெலிவது என்று தனித்தனியே முடிவெடுக்க வேண்டும். லத்தீன் எழுத்தின் குறுக்குக் கோட்டைத் தமிழின் ஒவ்வொரு முனையிலும் ஒட்டவைப்பது தீர்வாகாது. அது அழகைக் கெடுக்கும் என்பதே என் கருத்து. கிரந்த எழுத்தையும் விட முடியாது. ‘ஜ’ இல்லாமல் காஜாங்கையே எழுத முடியாதே.

பெயர்ப்பலகை இன்னொரு சிக்கல். பிரிக்ஃபீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையிலும் கிள்ளான் தெங்கு கிளானா சாலையிலும் பல பலகைகளில் தமிழ் சிறிய அளவில்தான் இடம்பெறுகிறது. தேசிய மொழி முதன்மையாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்கு உட்பட்டுத்தான் வரைய வேண்டும். சிறிதாக்கிய பலகையில், பின்னிருந்து விளக்கு எரியும்போது மெல்லிய கோட்டை ஒளி விழுங்கிவிடும். அழைப்பிதழுக்கும் நூலட்டைக்கும் மயிரிழைக் கோடு பொருந்தும். பலகைக்கு அதே குடும்பத்தில் சற்றுத் தடித்த இணைப்புடன் வேறொரு வெட்டு வேண்டும்.

இவற்றை வரையக்கூடிய இளைஞர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் இருக்கிறார்கள். வரைகலை படிக்கிறார்கள், விளம்பர நிறுவனங்களில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு ஊதியம் தந்து வேலை கொடுப்பவர்தான் வேண்டும். ஆண்டுமலர் வெளியிடும் தமிழ்ச் சங்கங்களும், கும்பாபிஷேக மலருக்குத் தாராளமாகச் செலவிடும் ஆலய நிர்வாகங்களும், பதிப்பகங்களும் ஒன்றுசேர்ந்து ஓர் எழுத்துருவுக்குப் பொறுப்பேற்க வேண்டும். வரையப்போகும் இளைஞர்களே, அதுவரை காத்திராமல் ‘திருமணம்’, ‘காஜாங்’, ‘பொங்கல்’ ஆகிய மூன்று சொற்களை இப்போதே பென்சிலில் வரையத் தொடங்குங்கள்.